பதில் போடாதவர் சம்மதித்தவர்

நீர்கொழும்பு
2.3.2025

அன்பு நிலக்ஷிக்கு,

நான் நலம். நீயும் ஷாமிலாவும் மாமாவும் நலம்தானே? போனில் பேசினால் மூன்றாவது நிமிடமே சண்டை வருகிறது, இனி எழுதுவோம் என்றாய். அதுவும் சரிதான். தாளில் எழுதிப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். கையெழுத்தைத் திட்டாதே.

இந்த மாதமும் வீட்டுக்கு வர முடியாது. போன வருடம் ஒன்பது விமானிகள் விலகிப் போனார்கள். ஒருவருக்குக்கூடப் பதில் ஆள் எடுக்கவில்லை. அவர்களுடைய பறப்புகளையும் சேர்த்து மிச்சமிருக்கிற நாங்கள்தான் ஓட்டுகிறோம். லீவு நாள் என்று பெயர். கூப்பிட்டால் ஒன்றரை மணித்தியாலத்தில் விமான நிலையத்தில் நிற்க வேண்டும். டிக்கோயாவிலிருந்து அது நடக்கிற காரியமா?

இப்போது புதுத் தலைவலி. எங்களில் பதினான்கு பேருக்கு இனி மஸ்கட்தான் தளம் என்கிறது கம்பனி. அதாவது வேலை அங்கே தொடங்கி அங்கே முடியும், குடியிருப்பும் அங்கே. ஊருக்கு விருந்தாளி மாதிரி டிக்கெட் போட்டு வர வேண்டும். விமானிகள் சங்கத்தில் கூடிப் பேசினோம். ஒருவரும் சம்மதிப்பதில்லை என்று எல்லோரும் கையெழுத்து வைத்திருக்கிறோம். ஒருவன் இறங்கிப்போனாலும் மற்றவர்களை மடக்குவது கம்பனிக்கு லேசாகிவிடும்.

பிள்ளைக்கு என் முத்தம்.

அன்புடன்,
ஜீவராஜ்

டிக்கோயா
6.3.2025

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கையெழுத்து மோசம்தான். என் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் உங்களைவிட நன்றாக எழுதுகிறார்கள்.

நீங்கள் மறுக்கப்போகும் செய்தியை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். தேயிலைத் தோட்டத்தில் இருபது வருடம் தொழிலாளர் சங்கத் தலைவராக இருந்த மனிதர், சும்மா விடுவாரா? கோயில் கூட்டத்தில் எழுந்து, "எங்க மருமகனப் பாருங்க. ஆகாசத்துல பறந்தாலும் சங்கத்த விட்டுக்குடுக்கல" என்றாராம். மஸ்கட் எந்தப் பக்கம் இருக்கிறது என்று லயத்து வீடுகளில் பாதிப் பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள்.

எனக்கும் பெருமைதான். ஆனால் மனதில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். கடைசியாக நீங்கள் வந்தது தைப்பொங்கலுக்கு, அதுவும் ஒன்றரை நாள். ஷாமிலாவுக்கு ஒரு வாரமாக இருமல். ஆஸ்பத்திரி வரிசையில் அவளைத் தூக்கிக்கொண்டு நின்றபோது உங்கள் மேல் அவ்வளவு கோபம் வந்தது.

சங்கம் தோற்று, போய்த்தான் ஆக வேண்டும் என்று வந்தால் நாங்களும் வருகிறோம். நான் சம்பளமில்லாத லீவு போடுகிறேன். வெயிலோ மணலோ, ஒரே வீட்டில் இருப்போம். எங்களைக் கூட்டிப்போவீர்களா? இதற்கு மட்டும் நேராகப் பதில் எழுதுங்கள்.

உங்கள்
நிலக்ஷி

நீர்கொழும்பு
15.3.2025

அன்பு நிலக்ஷிக்கு,

பிந்திவிட்டது, கோபிக்காதே. ஐந்து நாளில் ஏழு பறப்பு. ஹோட்டல் அறையில் விழித்தால் எந்த ஊர் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

மஸ்கட் பேச்சை விடு. போனால்தானே கூட்டிப்போவதைப் பற்றிப் பேச? நான் போகவே போவதில்லை. இதை எத்தனை தரம் எழுதுவது?

கம்பனி கணினியில் ஒரு படிவம் போட்டிருக்கிறது. 21ஆம் திகதி வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் பதில் போட வேண்டும். பதில் போடாதவர் சம்மதித்தவராம். எப்படி இருக்கிறது கதை! நான் வியாழக்கிழமையே மறுத்துவிடுவேன். மாமாவிடம் சொல்.

அன்புடன்,
ஜீவராஜ்

டிக்கோயா
17.3.2025

அன்புள்ள உங்களுக்கு,

நான் கேட்டது ஒன்று, நீங்கள் எழுதியது ஒன்று. பிள்ளையின் இருமல் எப்படி என்றுகூடக் கேட்கவில்லை. குறைந்துவிட்டது.

களைப்பில் எழுதியிருப்பீர்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
நிலக்ஷி

டிக்கோயா
22.3.2025

ஷாமிலாவின் அப்பாவுக்கு,

நேற்றுப் பிற்பகல் மூன்று மணிக்கு உங்களோடு வேலை செய்யும் கிஷாந்த், நான் பாடசாலையில் மேலதிக வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது போன் எடுத்தார். "அண்ணி, எல்லாரும் மறுத்துட்டோம்னு சங்கத்து குரூப்ல போட்டாச்சு. அண்ணன் மட்டும்தான் இன்னும் போடல. அவரு ஃப்ளைட்ல இருக்காரு, எறங்க ஏழு மணியாகும்" என்றார். ஆள் பற்றாமல் உங்களைத் திடீரென்று ஏற்றியிருப்பார்கள், அவசரத்தில் மறந்திருப்பீர்கள் என்றுதான் நினைத்தேன்.

தோட்டத்தில் வளர்ந்தவள் நான். வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் கணக்கப்பிள்ளை பேர் கூப்பிடும்போது அம்மா வந்து சேராவிட்டால், "லெட்சுமி பின்னாலயே வருதுங்க, பேரு போட்டுக்குங்க" என்று அப்பா குரல் கொடுப்பார். வீட்டில் ஒருவருக்காக மற்றவர் பேர் கொடுப்பது எங்களுக்குத் தப்பே இல்லை. உங்கள் லீவு விண்ணப்பங்களையும் மாதாமாதம் நான்தானே போடுகிறேன், கடவுச்சொல் எனக்குத் தெரியும். அதிபரிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடிவந்து படிவத்தைத் திறந்தேன்.

அது வெறும் படிவம் இல்லை. நீங்கள் நிரப்பி, அனுப்பாமல் சேமித்து வைத்திருந்த படிவம். பெப்ரவரி 24 என்று திகதி இருந்தது. எனக்கு முதல் கடிதம் எழுதுவதற்கு ஆறு நாள் முன்பு.

மஸ்கட் தளம்: சம்மதம். காலம்: ஐந்து வருடம். உடன் வரும் குடும்பத்தினர்: இல்லை.

நீங்கள் எதையும் மறக்கவில்லை. பதில் போடாமலே ஐந்து மணி தாண்டியிருந்தால், கம்பனிதான் உங்களை வஞ்சித்ததாக ஆகியிருக்கும். சங்கத்திலும் நல்ல பேர், எங்களிடமும் நல்ல பேர்.

நிறைய நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். 'மறுக்கிறேன்' என்று மாற்ற ஒரு விரல் போதும். மாற்றியிருந்தால் நீங்கள் இங்கேயே இருந்திருப்பீர்கள். எங்களுக்காக அல்ல, நான் கதவைச் சாத்தியதால். அப்படி ஒரு புருஷன் எனக்கு வேண்டாம். அழுகை வந்தது, பிறகு தானாக நின்றது.

அப்பா கதவருகில் வந்து, "மறுத்தாச்சாம்மா?" என்றார்.

"அனுப்பிட்டேன்ப்பா" என்றேன். சந்தோஷமாகத் தேத்தண்ணி கேட்டார்.

நீங்கள் எழுதியதில் ஓர் எழுத்தும் மாற்றவில்லை. நாலு நாற்பதுக்கு அனுப்பினேன். கிஷாந்துக்கும் உண்மையைச் சொன்னேன்.

அப்பாவுக்கு இன்னும் தெரியாது. இன்று காலையும் உங்கள் பெருமை பேசத்தான் கோயிலடிக்குப் போனார். நான் சொல்லப்போவதில்லை. போவதற்கு முன் ஒருநாள் வந்து, அவர் முகத்தைப் பார்த்து நீங்களே சொல்லுங்கள். எனக்குச் சொல்ல வேண்டியதைத்தான் பெப்ரவரியிலேயே எழுதிவிட்டீர்களே.

நிலக்ஷி