தள்ளினால் போகும் வண்டி

என்னங்க,

மகன் புதுக் கார் வாங்கி வந்திருக்கிறான். மெயின்லேண்டிலிருந்து கப்பலில் நம் தீவுக்கு வந்தது. சீட்டில் பிளாஸ்டிக் வாசனை இன்னும் போகவில்லை. சாவியைத் திருகியதும் சத்தமே இல்லாமல் கிளம்பிவிட்டது. எனக்கு என்னவோ போல் இருந்தது. இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

நம்முடையதை வண்டி என்று சொல்ல உங்களைத் தவிர யாருக்கும் மனம் வராது. முன்பக்கம் யுத்த காலத்து ஜீப். பின்பக்கம் தோணி செய்கிற ஆசாரி அடித்துக் கொடுத்த மரக்கூண்டு. விளக்குகளில் ஒன்று லாரியுடையது. என் பக்கத்துக் கதவைக் கயிற்றால் கட்டித்தான் உட்காருவேன். நம் பேட்டை ஷாதிபூர் முழுக்க அதற்குக் ‘கச்சுவா’ என்று பேர், இந்தியில் ஆமை. முதல் மாதம் முந்தானையால் தலையை மூடிக்கொண்டுதான் அதில் போனேன்.

மேட்டில் அது நிற்காத நாள் கிடையாது. நின்றதும் பக்கத்து வீட்டு வங்காளிக்காரர் வருவார், எதிர்வீட்டுத் தெலுங்கு மேஸ்திரி வருவார். “அரே, கச்சுவா ஃபிர் பைட் கயா,” மறுபடி உட்கார்ந்துவிட்டதே என்று சிரித்துக்கொண்டே தள்ளுவார்கள். தள்ளியவர்களெல்லாம் பிறகு உரிமையோடு ஏறிக்கொண்டார்கள். மேஸ்திரி வீட்டுக் கல்யாணப் பெண்கூட அதில்தான் போனாள். உங்கள் ஆபீஸ் ஜீப்பை யாரும் அப்படித் தொட்டதில்லை. “அதுக்கு நாம தேவையில்லடி. இதுக்கு நாம வேணும்,” என்பீர்கள். ஊரில் யாருக்கும் வேண்டாதவர்களாகத்தானே நாமும் கப்பலேறினோம். அந்தப் பேச்சு எனக்கும் பிடித்துத்தான் இருந்தது.

அன்று காலையில் நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது ஆபீஸ் ஜீப் வாசலுக்கே வந்துவிட்டது. “ஜீப்புல ஏறுங்க,” என்று கத்தினேன். “நம்மளுது இருக்கறப்ப அது எதுக்கு?” என்று அதைத் திருப்பி அனுப்பிவிட்டு, மேஸ்திரியை ஓட்டச் சொல்லிக் கச்சுவாவில் போய் உட்கார்ந்தீர்கள். இப்படியும் ஒரு பிடிவாதம் உண்டா? நினைத்தால் இன்றும் உங்கள் மேல் கோபம் கோபமாக வருகிறது.

ஆஸ்பத்திரி மேட்டில் அது நின்றது. பின்னாலேயே ஓடிவந்தவர்கள் தள்ளினார்கள். வங்காளிக்காரர் அழுதுகொண்டே தள்ளினார். போய்ச் சேர்ந்தபோது என் கைக்குள் உங்கள் கை சில்லிட்டிருந்தது.

“ஏன் இவ்வளவு லேட்?” என்று டாக்டர் கேட்டார். எல்லோரும் மூச்சு வாங்கியபடி தலையைக் குனிந்து நின்றார்கள். வண்டி நின்றுபோனதை ஒருவரும் சொல்லவில்லை. ஜீப்பில் போயிருந்தால் பிழைத்திருப்பீர்களோ என்னவோ.

“ரோடு சரியில்லை,” என்றேன் நான். மகன் கேட்டாலும் அதையேதான் சொல்கிறேன்.