சாய்த்தால் தெரியும் எழுத்துகள்

ஜனவரி 9, 2023 – பென்சான்ஸ், இங்கிலாந்து

காலையிலிருந்து கடல்மூட்டம். என் கணவர் டென்சில் ஜன்னலோரம் உட்கார்ந்து ராணி தலை போட்ட தபால்தலை ஒன்றைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். போலி அச்சடிப்பவர்களைத் தடுக்க ராணியின் மேல் அலையலையாக மினுங்கும் எழுத்துகள் உண்டு. சாய்த்தால்தான் தெரியும், அச்சான வருடமும் அதற்குள் ஒளிந்திருக்கும்.

"க்ளெனிஸ், இதுல எழுத்தே இல்லியே. போலி போலிருக்கு."

வாங்கிப் பார்த்தேன். எழுத்துகள் பளிச்சென்று இருந்தன.

ஜனவரி 17

கண் மருத்துவர் சொல்லிவிட்டார். டென்சிலுக்கு நடுப்பார்வை கரைந்துகொண்டே போகிறதாம். திரும்பாது.

பேருந்தில் டென்சில் ஜன்னல் பக்கத்து இருக்கையை எனக்குக் கொடுத்துவிட்டார்.

ஜனவரி 24

பார்கோடு இல்லாத தபால்தலைகள் இனிச் செல்லாது. தபால் துறைக்கு அனுப்பினால் புதியவை தருகிறார்கள்.

"எல்லாத்தையும் பிச்சு அனுப்பிடு. குருடனுக்கு எதுக்கு ஆல்பம்?"

உறைகூட எடுத்து வைத்தேன். கை வரவில்லை. இத்தனை வருடம் நான் ஒரு பக்கம்கூடப் புரட்டியதில்லையே – ஏன்? பொறாமையா?

பிப்ரவரி 2

தேநீர் வேளையில் ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டேன்.

"இது சிவப்பு."

"என்ன சிவப்பு? ஆயிரம் சிவப்பு இருக்கு, ராசாத்தி."

"தக்காளி சூப்புல பால் ஊத்தின மாதிரி."

சிரித்தார்! எவ்வளவு நாளாயிற்று. "ம், அடுத்தது?"

அடுத்தது மழைக்கு முந்தைய கடல். அதற்கடுத்தது ஈரப் பாசி. அதே ராணி முகம், அதே பார்வை. நிறம் மட்டும் அலைபோல வந்து வந்து போகிறது. தேநீர் ஆறியே போய்விட்டது.

பிப்ரவரி 3

கனவு முழுக்க நீலம்.

மார்ச் 11

உரித்து மறுபடி ஒட்டினால் கிழியட்டும் என்று தபால்தலையிலேயே பிறை வடிவில் வெட்டுகள் வைத்திருக்கிறார்கள். டென்சில் அதை நகத்தால் தடவிக் கண்டுபிடிக்கிறார். நான் வருடத்தைப் படிக்கிறேன். இன்று ஒன்றில் அலை எழுத்துகள் தலைகீழாக ஓடின.

"நெசமாவா? அது அபூர்வமாச்சே! நல்லாப் பாரு!"

"எனக்குக் கண்ணு நல்லாத்தான்யா இருக்கு" – சொன்ன பிறகுதான் உறைத்தது. ஆனால் அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

ஏப்ரல் 4

புதிய ராஜாவின் தபால்தலைகள் இன்று விற்பனைக்கு வந்தன. மழையில் தனியாகவே போனேன்.

"வீட்டுக்காரருக்கா?" என்றாள் தபால் நிலையத்து டாம்சின்.

"எனக்கு" என்றேன்.

வீட்டில் டென்சில் கதவருகிலேயே நின்றிருந்தார். "எப்படி இருக்காரு?"

"பிளம் பழத் தோல் நிறம். தலையில கிரீடம் இல்ல."

"பாவம், இந்த மழைக்குக் குளிருமே" என்றார்.