தோழன் மோதிரத்துக்கு விரல் அளவு

சிவமயம்

ஹலம், மெல்பேர்ண்
வெள்ளிக்கிழமை

அன்புள்ள மகன் சுஜீதனுக்கு அம்மா எழுதிக்கொள்வது,

கேரம் டவுன்ஸ் கோயில் முருகன் கிருபையால் நானும் அப்பாவும் அக்காவும் சுகம். தரையில் நிற்கும்போதும் தண்ணீருக்குள் நிற்கும்போதும் நீயும் சுகமாய் இருக்க வேண்டும் என்று அவரைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். போன புதன்கிழமை டண்டினோங்கில் மாப்பிள்ளை வீட்டில் அக்காவின் தாலிக்குப் பொன் உருக்கினார்கள். வந்திருந்தவர்கள் மாப்பிள்ளை லதீஸ், அவருடைய தகப்பன் தருமராசா அண்ணர், தாய் சிவசோதி அக்கா, எங்கள் பக்கத்தில் அப்பா, நான், என் தங்கை வசந்தினி சின்னம்மா, அவளுடைய பிள்ளைகள் பிரஷாந்தனும் வினுஷாவும், பிறகு பொன் உருக்கிய பத்தர் வரதராஜா, ஐயர். எல்லாமாகப் பத்துப் பேர். கல்யாணப் பெண் அங்கே போகக்கூடாது என்பதால் லக்சிகா அக்கா வீட்டில் நின்றாள். அப்பாவையும் என்னையும் கழித்தால் எட்டுப் பேர். அந்த எட்டுப் பேருக்கும் முன்னால் உன்னால் நான் தலை குனிந்து நின்றேன், அதனால்தான் யார் யார் என்று ஒருவரையும் விடாமல் எழுதுகிறேன். இதைப் போனில் சொல்லலாம்தான். நான் எடுத்தால் நீ படகில் நிற்கிறாய், அல்லது சிக்னல் இல்லை. வட்ஸ்அப்பில் ஒரு பக்கத்துக்கு எழுதினால் ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறாய். அதற்கு என்ன அர்த்தம், ஓம் என்றா, வாசித்தேன் என்றா, பேசாமல் இருங்கோ என்றா? கடதாசிக்குக் கட்டைவிரல் காட்ட முடியாது என்று நினைத்து இதை எழுதுகிறேன்.

புதன்கிழமை நடந்ததைக் கேள். ஐயர் பூசை முடித்து, பத்தர் பொன்னை உருக்கத் தொடங்கிய கையோடு புகைக்கு மணி அடிக்கிற அந்தப் பெட்டி கத்தத் தொடங்கிவிட்டது. தருமராசா அண்ணர் கதிரையில் ஏறி அதைக் கழற்ற, சிவசோதி அக்கா தலையணையால் விசிற, எல்லோருக்கும் ஒரே சிரிப்பு. நல்ல சகுனம்தான், கெட்டிமேளம் இல்லாத குறைக்கு இது என்று ஐயரே சொன்னார். நானும் சிரித்துக்கொண்டுதான் நின்றேன். பொன் உருகித் தட்டில் வைத்து எல்லோரும் தொட்டுக் கும்பிட்ட பிறகு, வரதராஜா அளவெடுக்கிற வளையக் கொத்தை எடுத்து வைத்துக்கொண்டு, வாசலில் மாப்பிள்ளையின் காலைக் கழுவுகிற தம்பிக்குப் போடுகிற தோழன் மோதிரத்துக்கு விரல் அளவு எங்கே என்று கேட்டார். எனக்கு உன் விரல் அளவு தெரியாது. மகன் ரவுன்ஸ்வில்லில் ஆஸ்பத்திரி இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை, லீவு கிடைக்கவில்லை, இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று நீ எனக்குச் சொன்னதை அப்படியே அவர்களுக்குச் சொன்னேன். சொல்லி வாய் மூடவில்லை, வசந்தினி முந்திக்கொண்டு, அவன் வாறானோ வரமாட்டானோ, எங்கட பிரஷாந்தன்ர விரலை எடுங்கோ, ரெண்டு பேரும் தம்பிதானே என்று அவனுடைய கையைப் பிடித்து நீட்டினாள். அவன் பாவம், அவனுக்கு இதில் ஆசை ஒன்றும் இல்லை. பெரியம்மா, மோதிரம் தந்தா வேண்டாம் எண்ட மாட்டன், ஆனா லதீஸ் அண்ணா புட்போல் விளையாடிப்போட்டுச் சப்பாத்துக் கழட்டினா நான் காருக்குள்ளயே இருக்கிறதில்ல, அந்தக் காலைக் கழுவச் சொல்லாதேங்கோ என்றான். மறுபடியும் சிரிப்பு. பத்தர் வளையத்தை அவன் விரலில் போடப் போனார். நான் என்னை அறியாமல், பொறுங்கோ என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். சத்தம் கூடிப்போயிற்று, எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

அந்த நேரம் பார்த்து வினுஷா, சுஜீ அண்ணாவுக்கு லீவு கிடைச்சிட்டுதே பெரியம்மா, உங்களுக்குத் தெரியாதே என்று தன் போனை நடுவில் வைத்தாள். அதில் நீ. படகு விளிம்பில் குந்தியிருந்து, முகத்தில் கண்ணாடி மாட்டிக்கொண்டு, முதுகுப் பக்கமாகக் கடலுக்குள் விழுகிறாய். கீழே ஆங்கிலத்தில், வேலைக்கு இரண்டு கிழமை லீவு, வருடத்தில் ஒருமுறை பவள முருகைக்கற்கள் முட்டை விடுவதைப் பார்க்கப் போகிறேன், இனி இரவெல்லாம் கடலில்தான் என்று எழுதியிருந்தாய். எனக்கு ஆங்கிலம் யாரும் படிப்பிக்கவில்லை, நானாக வாசித்துப் பழகியது, அதனால் எழுத்துக்கூட்டித்தான் வாசித்தேன். மற்றவர்கள் எனக்கு முன்னமே வாசித்துவிட்டார்கள். தருமராசா அண்ணர், ஆஸ்பத்திரி கடலுக்குள்ளயோ இருக்கு என்று கேட்டார். லதீஸ், மச்சான் கலக்கிறான் என்றார். சிவசோதி அக்காதான் என் கையைப் பிடித்து, பரவாயில்லை விமலா, பிள்ளை சந்தோசமா இருக்கிறான், அது காணும் என்றா. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் அவர்களுடைய வீட்டுக்குள் நின்று, நல்ல காரியத்தில், சாமிப்படத்துக்கு முன்னால் பொய் சொன்னவள் ஆகிவிட்டேன். கடலுக்குப் போகப் போகிறேன் அம்மா என்று நேரே சொல்லியிருந்தால் உன்னோடு சண்டை பிடித்திருப்பேன், அவ்வளவுதான். சண்டை பிடிக்க எனக்கு நீ வேண்டாமா? லீவு இல்லை என்று சொன்னதால் உனக்காக மூன்று வெள்ளிக்கிழமை அருச்சனை செய்வித்தேன், உன்னுடைய மேலதிகாரியின் மனம் இளக வேண்டும் என்று. அந்த மனிசன் என்ன பாவம் செய்தானோ.

முருகைக்கல் என்பது கல்லில்லை, உயிர் என்று அப்பா விளங்கப்படுத்தினார். பௌர்ணமிப் பறுவம் கழிந்து நாலாம் ஐந்தாம் நாள் இருட்டில் அவ்வளவும் சொல்லி வைத்தாற்போல ஒன்றாக முட்டை விடுமாம், கடல் முழுக்க மத்தாப்பூப் போல மேலே எழும்புமாம். கேட்க வடிவாகத்தான் இருந்தது. ஆனால் மகன், அதே நிலவைப் பார்த்துத்தான் ஐயர் அக்காவுக்கும் நாள் எடுத்தார். மண்டபம் கிடைக்கிற ஞாயிறு, நட்சத்திரப் பொருத்தம், இராகு காலம் எல்லாம் பார்த்து எடுத்த நாள். எடுத்த அன்றே உனக்குச் சொன்னோம், நீ ஓம் என்றாய். முருகைக்கல்லுக்கு நாள் பார்க்கத் தெரிந்த உனக்கு, அது அக்காவின் நாள் என்று தெரியாமலா போனது? வருடத்துக்கு ஒருமுறை வருவதை விட மாட்டாய், வாழ்க்கையில் ஒருமுறை வருவதை விடுவாய்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னால் அவள் அதற்கு மேல். எனக்குத் தெரியும், நான்தான் அவனைப் போகச் சொன்னனான், அவன் வருசம் முழுக்க அதுக்குத்தான் பாத்துக்கொண்டு இருந்தவன், காலுக்குத் தண்ணி ஊத்த ஆர் நிண்டாலும் ஒண்டுதானே என்றாள். அந்தக் கடைசி வசனம் உன்னுடையது, நீ அவளுக்குச் சொன்னது, அவள் எனக்கு ஒப்புவிக்கிறாள் என்று எனக்கு விளங்காதா? அன்று பின்னேரம் மாலை கட்டித் தருகிற பெண்ணோடு போனில் ஒரு மணித்தியாலம் சண்டை பிடித்தாள். ரோசாப்பூ வெள்ளையா மஞ்சள் கலந்த வெள்ளையா என்று. பூவுக்காக யாரும் அப்படி அழமாட்டார்கள் சுஜீதன்.

ஆர் நின்றாலும் ஒன்றில்லை. எனக்குத் தெரியும். எனக்குக் கல்யாணம் நடந்தபோது சண்டையால் யாழ்ப்பாணத்துப் பாதை பூட்டு. உன் மாமா யோகேஸ்வரன் கொழும்பில் வேலை. யாழ்ப்பாணத்துக்கு வருவதென்றால் கிளாலிக் கடலால் இருட்டில் வள்ளத்தில்தான் வர வேண்டும், ஏறியவர்கள் எல்லோரும் கரை சேர்ந்ததில்லை. அவன் எனக்குத் தோழனாக நிற்கவென்று அக்கரை வரை வந்து நின்றான். அந்தக் கிழமை முழுக்க வள்ளம் விடவில்லை. திரும்பிப் போனான். மண்டப வாசலில் அப்பாவின் காலைக் கழுவி மோதிரம் வாங்கியது யாரோ தெரிந்தவர்களுடைய மகன், முகம்கூட எனக்கு இப்போது ஞாபகம் இல்லை. அப்பா நல்ல மனிதர், அவர் மேல் குறை சொல்லவில்லை. ஆனால் அவருடைய பெரியக்காவோடு எனக்கு ஏதும் பிரச்சினை என்றால், உமக்கு வந்து கேக்க ஆர் இருக்கினம் என்றுதான் எடுத்தவுடன் சொல்லுவா. ஒருநாள் பொறுக்க முடியாமல் இரண்டு உடுப்பைப் பையில் போட்டுக்கொண்டு வாசல் படலை வரைக்கும் வந்துவிட்டேன். எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போய்ச் சோறு வடித்தேன். இதை அப்பாவுக்கும் நான் சொன்னதில்லை, நீயும் சொல்லாதே. லதீஸ் வீட்டார் தங்கமான மனிதர்கள், அக்காவுக்கு அப்படி ஒரு நாள் வராது. வந்தால் அவளுக்கு எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரிந்திருக்க வேண்டும். அந்த வாசலில் குனிந்து தண்ணீர் ஊற்றுகிறவன் ஊருக்குச் சொல்வது அதைத்தான், இவளுக்கு ஆள் இருக்கு, கேட்க வருவான் என்று. அதைப் பிரஷாந்தன் சொல்ல முடியாது. அவனுக்குச் சொந்தச் சகோதரி வினுஷா இருக்கிறாள். உன் மாமாவுக்குப் பாதை பூட்டியிருந்தது. உனக்கு என்ன பூட்டியிருக்கிறது?

நேற்று லதீஸ் போன் எடுத்தார். நான் சொன்னதெண்டு மச்சானுக்குச் சொல்லாதேங்கோ மாமி என்றுதான் தொடங்கினார், நான் சொல்கிறேன். ஆழத்துக்குப் போய் வந்தால் ஒரு நாளைக்குப் பிளேன் ஏறக்கூடாது, அதனால்தான் இடையில் வர ஏலாது என்று நீ அக்காவுக்குச் சொன்னாயாம். அது உண்மைதானாம். ஆனால் பிளேனில் வந்துவிட்டுத் திரும்பிப் போய் இறங்க ஒரு தடையும் இல்லையாம். முருகைக்கல்லும் ஒரே இரவில் முடிக்கிறதில்லை, மூன்று நாலு இரவுக்குப் போகும், படகும் ஒவ்வொரு இரவும் போகும், முதல் இரவை விட்டாக் காணும் மாமி என்றார். கால் நீட்டப் போகிற மாப்பிள்ளை உனக்காகப் பிளேன் நேரம் பார்த்துக்கொண்டு இருக்கிறார். எனக்குக் கோபத்திலும் சிரிப்பு வந்தது. அதனால் கேட்கிறேன், சனிக்கிழமை பின்னேரம் வா. ஞாயிறு காலையில் வேட்டியைக் கட்டிக்கொண்டு வாசலில் நில். தாலி கட்டி முடிந்ததும் போ. பந்தியில் இருந்து சாப்பிடாமலே போ, நான் ஒன்றும் சொல்லமாட்டேன். என் வாயால் ஒரு பிள்ளையைச் சாப்பிடாமல் போ என்று எழுதுவது இதுதான் முதல் தடவை, யோசித்துப் பார்.

நீ கடலுக்குப் போவது எனக்குப் பிடிக்கவில்லை என்று நினைக்காதே. ஊரில் எல்லோரும் கெல்லிவில்லில் வீடு வாங்கிவிட்டான், பரமட்டாவில் பெரிய வேலை என்று பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல, அப்பா கோயில் தோசைக்கடையில் வரிசையில் நின்றுகொண்டு, என்ர மகன் மக்னெற்றிக் தீவில ஆமையோட நீந்துறான் என்று முன்னுக்கு நிற்பவருக்கும் பின்னுக்கு நிற்பவருக்கும் வீடியோ காட்டுகிறார். நானும் பார்த்தேன். பொய் சொல்லக்கூடாது, அந்த ஆமை வடிவுதான். இங்கே இருந்த மூன்று வருடத்திலும் உன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் காணவில்லை, அதுவும் உண்மை. கல்யாணம் முடிந்து வீடு ஒதுக்கியதும் அப்பாவும் நானும் வருகிறோம். கரையில் கதிரை போட்டு இருப்பேன், அதற்கு மேல் என்னைக் கேட்காதே. நவம்பர் பிறந்தால் அந்தப் பக்கக் கடலில் சொறிமுட்டை என்கிற ஜெலி மீன் வரும், பட்டால் ஆளையே கொல்லும் என்று வாசித்தேன். உடம்பு முழுக்க மூடுகிற உடுப்பில்லாமல் இறங்காதே. தனியாக இறங்காதே. தலையைத் துவட்டாமல் படுக்காதே. நெற்றிக்குத் திருநீறு பூசிக்கொண்டு போ, தண்ணீரில் அழிந்தால் பரவாயில்லை.

வரதராஜாவுக்கு அடுத்த வெள்ளிக்குள் அளவு வேண்டும், இல்லாவிட்டால் மோதிரம் முடியாது. வலது கை மோதிர விரலில் ஒரு நூலைச் சுற்றி, முட்டுகிற இடத்தில் பேனையால் அடையாளம் போடு, அங்கே நகைக்கடை இருந்தால் இலக்கத்தைக் கேட்டு எழுது. வரப்போவதில்லை என்றால் அதையும் சுற்றி வளைக்காமல் எழுது, நான் வசந்தினியிடம் போய்ப் பிரஷாந்தனின் கையைக் கேட்கிறேன். அக்காவிடம் நானே சொல்லுவேன், நீ சொல்ல வேண்டாம்.

முருகன் உன்னை எந்த ஆழத்திலும் கைவிடாமல் காக்க அம்மாவின் ஆசீர்வாதம். அப்பாவும் அக்காவும் அன்பைச் சொல்லச் சொன்னார்கள். விரல் அளவோடு உடனே பதில் போடு.

இப்படிக்கு,
அன்புள்ள அம்மா
சி. விமலாதேவி