பட்டன் பலகை

என்னங்க,

சுகமா? அத்தைக்கு மூட்டுவலி தேவலையா? பாப்பா ராத்திரி அழாமல் தூங்குகிறாளா? நான் நன்றாக இருக்கிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன், நம்புங்கள்.

ஒரு வேடிக்கை கேளுங்கள். பள்ளியில் தெரபி அறை என்று எனக்குக் கொடுத்திருக்கும் ஸ்டோர் ரூமுக்கு ஒரு வாலுப்பெண் வருகிறாள். அவள் விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்காது. பலகையில் சட்டைத்துணியை மாட்டி, பட்டன் போட மாதக்கணக்காகப் பழக்கினேன். பலகையில் புலியாகிவிட்டாள். சொந்தச் சட்டையில் ஒன்றுகூட நுழையவில்லை.

"இதுக்குப் போய் எதுக்கு மிஸ் தெரபி? நானே போட்டுவிட்டுடறேன்" என்றார் வகுப்பு டீச்சர். வேலைக்கே உலை வைத்துவிடுவாரோ என்று பயந்துபோனேன்.

நேற்றுதான் உறைத்தது. பலகையில் சட்டை அவளுக்கு எதிரே இருக்கிறது; உடம்பில் போட்டால் இடது வலதெல்லாம் மாறிப்போகிறது. இது தெரியாமல் நான் ஒரு தெரபிஸ்ட்!

பாப்பாவுக்குப் பட்டன் போட்டுவிடுவேனே, அதேபோல் பின்னால் உட்கார்ந்து, தோளுக்கு மேலாகக் கை நீட்டி, அவள் விரல்களைப் பிடித்துப் போடவைத்தேன். மூன்றாவது பட்டனில் என் கையைத் தட்டிவிட்டாள்.

"தள்ளுங்க மிஸ், நானே போடுறேன்!"

போட்டும்விட்டாள். எட்டிப்பார்த்த டீச்சர் கைதட்டினார். அப்பாடா என்று இருந்தது.

உங்கள் பழைய சட்டை இரண்டு அனுப்புங்கள், பெரிய பட்டன் வைத்தது. ஒன்று பிள்ளைகளுக்கு, ஒன்று எனக்கு.

மணி அடித்துவிட்டது. இன்னும் ஒன்றே ஒன்று: பாப்பாவுக்குப் பட்டன் போடக் கற்றுக்கொடுத்துவிடாதீர்கள். நான் வரும்வரை அது மட்டும் அப்படியே இருக்கட்டும்.

அவசரத்தில்,
பாப்பாவின் அம்மா