சுண்டுவிரல் வராத சஸ் ஃபோர்

ஜூன் 12, சனி

விடாத மழை. கிடாரின் முதல் கம்பி துரு. கிழக்கேகோட்டைக் கடை பூட்டு. திங்கள்தான் இனி.

ரிகர்சல், பேட்டையில் பிஜு வீட்டுக் கார் ஷெட். பாட்டு பிஜு, டிரம்ஸ் ஸஜி, ரிதம் கிடார் நான். கல்லூரியில் ஆரம்பித்துப் பதினோரு வருடம். 26ஆம் தேதி கிளப் ஆண்டு விழா, மாலை 4 மணி. எங்கள் சொந்தப் பாட்டு கடைசி அயிட்டம். அதில் எனக்கு ஒரே வேலை. மூன்று விரலில் டி கார்டு பிடித்து வீசி அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். சுண்டுவிரலை முதல் கம்பியில் வைத்தால் சஸ் ஃபோர், எடுத்தால் மறுபடி டி, நடுவிரலையும் தூக்கினால் சஸ் டூ. பழைய ராக் பாட்டுகளில் பாதி இந்த வித்தைதான்.

இன்று பத்துக்கு ஏழு தடவை சுண்டுவிரல் வரவில்லை. மழைக்குளிர் என்றேன். ஸஜி நம்பினான். பிஜு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜூன் 13, ஞாயிறு

மழை. துணி காயவில்லை. காலை முழுக்க அந்த ஒரே விரல். வை, எடு. வை, எடு.

என் மனைவி லலிதா வீணையில் டிப்ளமா. கிடாரை அவள் ஒரு வாத்தியமாகவே எடுத்துக்கொள்வதில்லை, ஆனால் காது பொல்லாத காது. காந்தாரத்தைப் பிடுங்கிவிட்டு மத்யமத்தை வைக்கிறேள், அதான் தொங்கறது என்று இந்த சஸ் ஃபோரைக் கேட்டுக் கல்யாணமான புதிதிலேயே சொன்னவள். இன்று அடுக்களையிலிருந்து, "மத்யமம் விழவே இல்லையே, கேட்டேளா" என்றாள். கேட்காமலா இருக்கிறது எனக்கு.

இடது கையால் முடியாதவை:
சட்டைப் பித்தான்.
ஃபைல் நாடா முடிச்சு.
பஸ்ஸில் சில்லறை. (நேற்று பழவங்காடியில் கீழே விட்டேன்.)
முகம் கழுவ இரண்டு கையும் சேர்த்துத் தண்ணீர் எடுத்தால் இடது ஓரமாக ஒழுகிவிடுகிறது.
சஸ் ஃபோர். டி-யிலும், ஏ-யிலும், ஈ-யிலும்.

மார்ச்சில் மரத்துப்போக ஆரம்பித்தது. சாதகம் போதவில்லை என்று முடிவு கட்டி, அன்றிலிருந்து தினம் இரண்டு மணி நேரம். லலிதா வாயு என்கிறாள், தன்வந்தரம் குழம்பு என்கிற ஆயுர்வேதத் தைலத்தைத் தேய்க்கிறாள். நான் சோம்பல் என்கிறேன். டாக்டர் என்ற பேச்சை இருவரும் எடுக்கவில்லை.

ஜூன் 16, புதன்

அரை நாள் லீவு. டாக்டர். பேச்சில் நாகர்கோவில்காரர்.

ஊசி குத்தி, கரண்ட் வைத்து டெஸ்ட். முழங்கையில் நரம்பு நசுங்கியிருக்கிறதாம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே குழி விழுந்திருப்பதைத் தொட்டுக் காட்டினார். என் கை, நான் கவனித்ததே இல்லை.

கையை மடக்கியே வைக்கிற வேலை ஏதாவது உண்டா என்று கேட்டார். கிடார் என்றேன். தினம் எவ்வளவு நேரம் என்றார். சொன்னேன். வலுவில்லாத விரலுக்கு வலு ஏற்றத்தான், மூன்று மாதமாக, என்றும் சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டார். மார்ச்சில் கையை நீட்டிச் சும்மா வைத்திருந்தால் தேறியிருக்குமாம். நான் உட்கார்ந்து சாதகம் பண்ணிச் சாகடித்திருக்கிறேன்.

ஆபரேஷன் உண்டு. மிச்சம் இருக்கிற பலத்தைக் காப்பாற்றலாம், போனது திரும்பாது. என்ன உத்தியோகம் என்றார். கிளார்க்.

"வலக்கையிலதானே எழுதுதீங்க? பின்ன எதுக்குப் பேடிக்கணும்?"

பயப்பட வேண்டாம் என்று ஆறுதலாகத்தான் சொன்னார். நல்ல மனிதர்.

ஜூன் 17, வியாழன்

யாரிடமும் சொல்லவில்லை. லலிதாவிடம் நரம்புத் தளர்ச்சி, மாத்திரை என்று மட்டும். ஆபீஸில் எட்டு ஃபைல். கான்டீனில் யாரோ: "இந்த மழை சும்மா போகாது சாரே, ஜலதோஷம் தந்துட்டே போகும்."

புதுக் கம்பி மாட்டினேன். எதற்கு?

ஜூன் 19, சனி

பிஜுவிடம் சொன்னேன். அவனுக்கு முன்பே சந்தேகம். ஷெட்டில் ஏற்கெனவே சுனில் உட்கார்ந்திருந்தார், கானமேளா மெல்லிசைக் கோஷ்டியில் கீபோர்டு வாசிப்பவர். பெட்டியில் ஏதோ பட்டனை அமுக்கி ஒரு விரலை வைக்கிறார், முழுக் கார்டும் தானாக வருகிறது. ஒரு விரல் போனதால் எனக்குக் கார்டு போயிற்று, அவருக்கு ஒரே விரலில் எல்லாம். எனக்குச் சிரிப்பு வந்தது. மற்றவர்கள் சிரிக்கவில்லை.

கிளம்பும்போது பிஜு தோளில் கை போட்டான்.

"எடா மணி, நீ ஸ்டேஜில வேணும். கிடாரில வால்யூம் சீரோ வெச்சா மதி, அது போதும். ஆருக்கும் தெரியாது."

அன்புதான் அது. அதனால்தான் தலையாட்டினேன்.

ஜூன் 23, புதன்

ராத்திரி கை மடங்காமல் இருக்க முழங்கையில் துண்டு சுற்றித் தூங்கச் சொன்னார் டாக்டர். இரண்டு நாளாகச் செய்கிறேன். ஒன்றும் இல்லை. ஒன்றும் வராது என்று தெரிந்தேதான் சுற்றுகிறேன்.

மோதிர விரலைச் சுண்டுவிரலோடு பிளாஸ்திரி போட்டு ஒட்டிப் பார்த்தேன். இரண்டும் சேர்ந்து கம்பியை அமுக்கிச் சத்தத்தைக் கொன்றன. கோபத்தில் கிடாரைக் கட்டிலில் எறிந்தேன். உடையவில்லை. உடைந்திருக்கலாம்.

ஜூன் 26, சனி

மழை இல்லை. ஹால் நிறைந்தது. லலிதா மூன்றாவது வரிசை, பட்டுப் புடவை.

வால்யூம் சீரோ. கை வீசி அடித்தேன். சுண்டுவிரல் வர வேண்டிய இடத்தில் முகத்தைத் தூக்கினேன், வந்த மாதிரி. சுனிலின் பெட்டி எல்லாவற்றையும் சுத்தமாகக் கொடுத்தது. பெரிய கைதட்டு. கீழே இறங்கியதும் கண்ணாடி போட்ட ஒருவர் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கார்டு மாறுகிற இடமெல்லாம் பிரமாதம், கிடார் கிடார்தான் என்றார். தேங்க்ஸ் சொன்னேன்.

ஆட்டோவில் லலிதா வெளியே பார்த்தபடி வந்தாள். ஸ்ரீவராகம் திரும்பும்போது, "நீங்க வாசிக்கவே இல்லையே" என்றாள்.

ஆமாம் என்றேன். டாக்டர் சொன்னது முழுக்கச் சொன்னேன். அவள் என் இடது கையை எடுத்து மடியில் வைத்து, மடங்காமல் நீட்டி விட்டாள்.

அடுத்த மாதம் கொல்லத்தில் ஒரு புரோகிராம், அங்கேயும் வால்யூம் சீரோவில் நிற்கக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றேன்.

"போவேளா?"

போவேன் என்றேன்.