ஊதாப் பழச் செடி

ரேணிகுண்டா
2.12.2024

அன்புள்ள கீர்த்தி நைனாவுக்கு,

என் நம்பரை பிளாக் செய்துவிட்டீர்கள். அதனால்தான் கடிதம். அக்கா வீட்டில் இருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

நம் பெண் கீர்த்தி போய் இருபத்தாறு நாள். வாசல் செடியில் நாலு பழம் பறித்துத் தின்றாள், அதில்தான் செத்தாள் என்று எல்லார் முன்னாலும் சொல்லி என்னை அனுப்பினீர்கள். டெங்கு என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததை ஒருமுறை படித்துப் பாருங்கள்.

உங்கள்
கன்னிகா

புத்தூர்
11.12.2024

கன்னிகாவுக்கு,

டாக்டர் ஆயிரம் எழுதுவார். திருப்பதி நர்சரியிலிருந்து அந்தச் செடியைக் கொண்டுவந்தது யார்? "மணி மணியா காய்க்கும், வாசலுக்கு அழகா இருக்கும்" என்றாயே. குழந்தை இருக்கும் வீட்டில் உனக்கு அழகு கேட்டது. இந்த வாரம் வேரோடு பிடுங்கப் போகிறேன். இனி எழுதாதே.

பூவராகவன்

ரேணிகுண்டா
16.12.2024

அன்புள்ள கீர்த்தி நைனாவுக்கு,

பிடுங்காதீர்கள். மூன்று வருஷம் அவள் தண்ணீர் ஊற்றிய செடி. தையில் இலை கொட்டி மொட்டையாக நிற்கும். பட்டுப்போனது என்று நினைக்க வேண்டாம். முழங்கால் உயரம் விட்டு வெட்டினால் புதுக் கொம்பில் பூக்கும்.

என்னிடம் இருந்த அந்தச் செடியின் காய்ந்த பழக் கொத்தை விவசாயக் கல்லூரியில் காட்டினேன். "இதி விஷம் காதம்மா" என்றார் அங்கிருந்த மேடம். விஷமில்லையாம். நீங்கள் என்னைச் சேர்த்துக்கொள்ளாவிட்டாலும் பரவாயில்லை. நான் கொன்றேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். அதைச் சுமந்துகொண்டு என்னால் உயிரோடு இருக்க முடியாது.

கன்னிகா

புத்தூர்
9.1.2025

கன்னிகா,

கடப்பாரையோடு போனேன். பிடுங்கவில்லை. பழத்தைப் பறித்துத் தின்றேன். தினம் ஒரு கை நிறைய, பத்து நாள். எனக்கு வயிறுகூட வலிக்கவில்லை. ஏதாவது ஆகாதா என்று காத்திருந்தேன். ஆகியிருந்தால் பழியை உன்மேலேயே போட்டிருக்கலாம்.

சனிக்கிழமையே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நீ அழுதாய். "காய்ச்சல்தானே, எதுக்கு கத்திக்கினு கீறே" என்றேன். செவ்வாய்க்கிழமைதான் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவளைக் கொன்றது நான். இதை உன்னிடம் அல்லாமல் யாரிடம் சொல்வேன்?

பூவராகவன்

ரேணிகுண்டா
13.1.2025

கீர்த்தி நைனாவுக்கு,

படித்தேன். உங்களை மன்னிக்க முடியுமா என்று தெரியவில்லை. முடியும் என்று பொய் எழுத மாட்டேன். இனி அந்தப் பழத்தைத் துன்னுக்கினு தனியாக உட்கார்ந்திருக்காதீர்கள்.

வெள்ளிக்கிழமை ரயிலில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு வர வேண்டாம். கடைசி நாலு நாள் அவள் என்னென்ன பேசினாள் என்று, என்னைத் தவிர, உங்களுக்குத்தானே தெரியும்.

கன்னிகா