இரண்டு டெராபைட் பொய்யும் உன் குரலும்

அன்பு மகள் யனெலிஸுக்கு,

அம்மா ஒடாலிஸ் எழுதுகிறேன். இங்கே நான் சுகம், உன் அப்பா சுகம், அவருடைய முழங்கால் மட்டும் வழக்கம்போல் முனகிக்கொண்டிருக்கிறது, கொல்லையில் கட்டியிருந்த பன்றிகூடக் கிறிஸ்துமஸ் வரைக்கும் சுகமாகத்தான் இருந்தது. நீ அங்கே மொந்தெவிதேயோவில் வேளைக்குச் சாப்பிட்டு, பேக்கரி அடுப்பில் கையைச் சுட்டுக்கொள்ளாமல் நன்றாக இருக்க வேண்டுமென்று தினமும் மாதாவைக் கேட்டுக்கொள்கிறேன். முதலில் ஒன்று, இந்த வருஷத் திருவிழாவில் நம் பேட்டைதான் ஜெயித்தது! போனில் அதைச் சொல்லி முடிப்பதற்குள் கரண்ட் போய் லைன் அறுந்துவிட்டது, நீ பாதிதான் கேட்டிருப்பாய். மீதியை யாராவது வாய் சும்மா இருக்காமல் உன்னிடம் சொல்லியிருப்பார்கள், உன் அம்மா பட்டப்பகலில் எதிர்ப்பேட்டையின் முதலைக் கொடிக்குப் பின்னால் இடுப்பை ஆட்டிக்கொண்டு போனாள் என்று. ஆமாம், போனேன், ஆடினேன். பிறந்ததிலிருந்து மரங்கொத்திப் பேட்டைக்காரியான நான் எதற்காக அந்தக் காரியம் செய்தேன் என்பதை என் வாயாலேயே கேள், பெலிசியா வியாழக்கிழமை உன் ஊருக்கு விமானம் ஏறுகிறாள், அதற்குள் எழுதி முடித்து அவள் பெட்டியில் போட வேண்டும்.

எல்லாம் நீ அனுப்பிய பென்டிரைவில் ஆரம்பித்தது. கோபப்படாதே, கேள். திருவிழாவில் நம் தேர் நகரும்போது ஒலிபெருக்கியில் போடும் கதையை இந்த வருஷம் உன் குரலில்தான் சொல்ல வேண்டுமென்று நம் பேட்டைக் கூட்டத்தில் நான் மேசையைத் தட்டிச் சண்டை போட்டு வாங்கினேன். ஊரைவிட்டுப் போனவளின் குரல் நமக்கு எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு, அவர்கள் பெயரை நான் மறக்கமாட்டேன். நீயும் போனில், ‘என்னையெல்லாம் அங்க யாரும்மா இன்னும் ஞாபகம் வச்சிருக்கா’ என்றாயே, அந்த வார்த்தை என் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்தது. ஊர்ச் சதுக்கத்தில் அத்தனை பேர் நடுவில் உன் குரல் கேட்டே ஆக வேண்டும், எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். நீ பேசி அனுப்பியதைத் தாமாரா நம் சமையலறையில் லேப்டாப்பில் போட்டுக் கேட்டாள். அவள் தேருக்கு ஒலிபெருக்கி கட்டுகிறவள், எத்தனையோ கதைகள் கேட்டவள், கதையில் கடல் மணப்பெண் கரையேறும் இடத்தில் கேவிக் கேவி அழுதுவிட்டாள். அழுது முடித்து, ‘இத லேப்டாப்ல ஒரு காப்பி போட்டு வச்சிக்கிறேன் ஒடாலிஸ்’ என்றாள். விடுவேனா நான்? தேரின் கதை வெளியே கசிந்தால் முதலைப் பேட்டைக்காரர்கள் அதற்கு எதிர்ப்பாட்டுக் கட்டிச் சந்தி சிரிக்க வைத்துவிடுவார்கள், உனக்குத் தெரியாததா. அவள் லேப்டாப்போ ஊரிலிருக்கும் எல்லா வீட்டுக்கும் விருந்து போய் வருவது. காப்பியும் கிடையாது கீப்பியும் கிடையாது என்று சொல்லிவிட்டேன். உன் போனிலிருந்தும் அழிக்கச் சொல்லி மாதா மேல் சத்தியம் வாங்கினேன். பென்டிரைவை ஊக்குப் போட்டு என் உள்பாடியில் குத்திக்கொண்டேன், எந்த முதலை அங்கே கை வைக்கும்?

அங்கேதான் சனி பிடித்தது. கட்டைவிரல் அளவு சாமானின் முதுகில் இரண்டு டெராபைட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது, உள்ளே உன் ஒரே ஒரு ஃபைல். அரண்மனையில் ஒரு நாற்காலி போட்ட மாதிரி அத்தனை இடம் சும்மா கிடக்கிறதே என்று எனக்குப் பொறுக்கவில்லை. வாராவாரம் சீரியலும் சினிமாவும் ஹார்ட் டிஸ்கில் நிரப்பிக்கொண்டு வீடு வீடாக வந்து காப்பி போட்டுக் கொடுப்பானே ஒஸ்மெல், அவன் வந்தபோது துருக்கி சீரியல் முழுவதையும் போடச் சொல்லி எடுத்து நீட்டிவிட்டேன். அவன் ரத்தம் சதையெல்லாம் முதலை என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். அதனால்தான் பக்கத்திலேயே காவல் நின்றேன். நடுவில் ரொட்டிக்காரன் விசில் அடித்தான், வாசலுக்குப் போய் ரொட்டி வாங்கிக்கொண்டு திரும்பினேன், அவ்வளவுதான். ஒஸ்மெல் கால்மேல் கால் போட்டு என் காபியைக் குடித்துக்கொண்டிருந்தான், திருட்டுப் பூனை. சீரியலின் முதல் சில பாகங்கள் ஓடவே இல்லை, படம் கட்டம் கட்டமாக உடைந்தது. அவன் குப்பையைத் தலையில் கட்டிவிட்டான் என்று அவனைத்தான் திட்டினேன். பிறகு ஒருநாள் கறிக்கடை வரிசையில் எல்லோர் முன்னாலும், ‘என்ன ஒடாலிஸ் அக்கா, உங்க கடல் மணப்பொண்ணுக்கு நீச்சல் தெரியுமா, இல்ல நாங்க கயிறு போடணுமா’ என்று கேட்டானே பார்க்கலாம்! கறியும் வாங்காமல் வரிசையை விட்டு வந்தேன். கதை தெரிந்தவர்கள் நான், நீ, தாமாரா, உன் அப்பா. நேரே தாமாரா வீட்டுக்குப் போய் அவளைக் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டேன், பாவம். அவள் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

திருவிழா அன்று காலையில் ஒலி சோதனை. தாமாரா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே பென்டிரைவைச் செருகினாள். உன் ஃபைலின் பெயர் தெரிகிறது, அளவு தெரிகிறது, அழுத்தினால் ஊமை. அடுத்த துளையில் செருகினாள், வேறு கம்ப்யூட்டரில் செருகினாள், என் வேர்வை பட்டிருக்குமென்று ஊசி போடும் ஸ்பிரிட்டைத் தொட்டு அந்தப் பித்தளைப் பல்லையெல்லாம் துடைத்துக் காயவைத்துச் செருகினாள். ம்ஹூம். கடைசியில் கம்ப்யூட்டரே, ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்டது. உன் அப்பா உதவி செய்கிறேன் பேர்வழி என்று ‘சரி’யை அழுத்தப் போனார், தாமாரா அவர் கையில் ஓங்கி ஒன்று வைத்தாள். ‘அத அழுத்தினா எல்லாத்தயும் தொடச்சிடும் எவெலியோ, கைய மடியில வச்சிக்கிட்டு உக்காரு’ என்றாள். அழிந்ததைத் தோண்டி எடுக்கும் புரோகிராம் ஒன்றைப் போட்டுத் தேடினால், உன் குரல் இருக்க வேண்டிய இடத்தில் துருக்கிக்காரி ஒருத்தி ஓவென்று அழுகிறாள். அப்போதுதான் தாமாராவுக்கு விளங்கியது. அது இரண்டு டெராபைட்டே இல்லையாம் மகளே. உள்ளே இருப்பது துக்கடா இடம், கம்ப்யூட்டரிடம் மட்டும் பெரிதாகப் பொய் சொல்லும்படி செய்து விற்கிறார்களாம். சின்னச் சட்டியில் ஊற்றிக்கொண்டே போனால் என்ன ஆகும்? அதற்காவது வழிந்தால் கண்ணுக்குத் தெரியும். இது வாயைத் திறக்காமல் பழையதன் தலையிலேயே புதியதை எழுதிவிட்டு, எல்லாம் பத்திரம் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உனக்குப் போன் போட்டோம், மணி அடித்துக்கொண்டே இருந்தது, நீ அடுப்படியில் இருந்திருப்பாய். எடுத்திருந்தாலும் என்ன, அழிக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கினவள் நான்தானே. உன் அப்பா, நான் வேண்டுமானால் கதையைப் படிக்கட்டுமா என்று தொண்டையைக் கனைத்தார். மணப்பெண்ணுக்குக் கட்டைக் குரல்! நான் தலையில் கை வைத்து உட்கார்ந்து, உன் பெயரைச் சொல்லி அழுதேன்.

அழுதுகொண்டிருக்கும்போதே பொறி தட்டியது. நீச்சல் தெரியுமா என்று கேட்டானே, அவனுக்கு எப்படித் தெரியும்? தாமாரா சொல்லவில்லை என்றால் அவன் கேட்டிருக்கிறான். கேட்டிருக்கிறான் என்றால் எடுத்திருக்கிறான்! செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினேன். ஒஸ்மெல் அவர்கள் தேரில் ஏணி போட்டு பல்பு மாட்டிக்கொண்டிருந்தான். ‘டேய் திருட்டு முதலை, என் பொண்ணு குரல எடுத்தியா இல்லயா, மாதா மேல சொல்லு’ என்றேன். ‘என்னக்கா காலங்காத்தால’ என்று இளித்தான். நடந்ததைச் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது, ஏணியிலிருந்து இறங்கினான். ‘திருடத்தான் எடுத்தேன், இல்லேங்கல. ஆனா கேட்டப்புறம் அழிக்க மனசு வரலக்கா’ என்று மெதுவாகச் சொன்னான். கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அதற்குள் அவன் ஆட்கள் சுற்றி வந்து நின்றுவிட்டார்கள், உடனே அவனுக்கும் முதலைக் குணம் திரும்பிவிட்டது. ‘சும்மா குடுத்தா எங்க பேட்டையில என்ன வெட்டிப் போட்டுடுவாங்க. மாதா கோயில்லேர்ந்து மருந்துக்கடை வரைக்கும் எங்க கொடிக்குப் பின்னால ஆடிட்டு வாங்க, கையோட குடுத்துடறேன்’ என்றான்.

ஆடினேன் யனெலிஸ். அவர்கள் மேளமும் தகரமும் அடிக்க, அந்த அசிங்கமான பச்சைக் கொடிக்குப் பின்னால், வெறுங்காலோடு. வழியெல்லாம் ‘மரங்கொத்திக்கு வால் முளச்சிடுச்சு டோய்’ என்று கத்தினார்கள். நம் பேட்டைப் பெண்கள் வாயில் கை வைத்துக்கொண்டார்கள், ஒருத்தி சிலுவைகூடப் போட்டாள். முதலில் தலையைக் குனிந்துகொண்டுதான் ஆடினேன். பாதித் தெருவில், என் பிள்ளைக்காகத்தானே ஆடுகிறேன், எவனுக்கு என்ன பயம் என்று தோன்றியது. அப்புறம் பார், அவர்கள் ஆட்டக்காரிகளே ஒதுங்கி வழிவிடும்படி ஆடித் தீர்த்தேன். ஒஸ்மெல் சொன்ன சொல் தவறவில்லை. தன் சொந்தப் பென்டிரைவில் போட்டு, முதலிலிருந்து கடைசிவரை ஓடவிட்டுக் காட்டி, முறையாகக் கழற்றி என் கையில் வைத்தான். தாமாராவிடம் கொண்டு போய்க் கொடுத்து, அவள் கன்னத்தைப் பிடித்து மன்னிப்பும் கேட்டேன். அவள் முதலில் செய்தது என்ன தெரியுமா, லேப்டாப்பில் ஒரு காப்பி போட்டாள். போடு, போடு என்றேன் நான்.

இருட்டியதும் தேர் நகர்ந்தது. அலை அலையாக நீல விளக்கு, அதன் உச்சியில் மணப்பெண், சதுக்கம் முழுக்க ஒரே கூச்சல், வெடிப் புகை. அப்போது உன் குரல் வந்தது மகளே. ‘கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் கரையைத் தேடிக்கொண்டிருந்தாள்’ என்று நீ ஆரம்பித்ததும் நம் ஆட்கள் அடங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் எதிர்ப்பக்கத்து மேளம் நின்றது. நம் கதை நடக்கும்போது முதலைப் பேட்டை மேளம் நின்றதாக இந்த ஊரில் யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறாயா? வேண்டுமென்றே காது கிழிய அடிப்பார்களே, நின்றது! ஒஸ்மெல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றதை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். நடுவர் இல்லாத திருவிழா, வருஷா வருஷம் இரண்டு பேட்டையும் நாங்கள்தான் ஜெயித்தோம் என்று விளையாட்டுச் சவப்பெட்டி தூக்கிக்கொண்டு எதிரியைப் புதைக்கப் போகும். இந்த வருஷம் மறுநாள் காலையில் நம் சவப்பெட்டி மட்டும்தான் தெருவில் போனது. உன் அப்பா முழங்காலை மறந்து அதை ஒரு பக்கம் தூக்கினார். அவர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு கிடந்தார்கள்.

இனி புத்திமதி, முகத்தைச் சுளிக்காமல் படி. கட்டைவிரல் அளவில் கடல் கொள்ளும் என்று மலிவாக எவன் விற்றாலும் அந்தப் பக்கம் போகாதே. சின்ன அளவாக இருந்தாலும் நம்பிக்கையான கடையில் உண்மையான பென்டிரைவ் வாங்கு. நிறைய இடம் வேண்டுமென்றால் பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றிய ஹார்ட் டிஸ்கை ஒரு உறையில் போட்டுக் கேபிளோடு தருவார்களாம், அது சல்லிசு என்று ஒஸ்மெல் சொல்கிறான், இந்த விஷயத்தில் அவன் பேச்சைக் கேட்கலாம். எதை வாங்கினாலும் முதலில் வேண்டாத படங்களைப் போட்டு முழுக்க நிரப்பி, திரும்ப எல்லாவற்றையும் திறந்து பார், பொய் சொல்லும் சாமான் அங்கேயே மாட்டிக்கொள்ளும். முக்கியமானது எதுவும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது. உன் குரல் இப்போது தாமாராவிடம் ஒன்று, என் உள்பாடியில் ஒன்று, மூன்றாவது ஒஸ்மெலிடமே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன், முதலை வாயில் போனது பத்திரமாகத்தான் இருக்கிறது.

பெலிசியாவிடம் கொய்யாப் பாகும் காபித்தூளும் அனுப்பியிருக்கிறேன், காபித்தூள் பொட்டலத்துக்குள் பென்டிரைவ் ஒன்று இருக்கும், கொட்டிவிடாதே. அளவில் சின்னது, யோக்கியமானது. தேர் போனதைத் தாமாரா முழுக்கப் பதிவு செய்து அதில் போட்டிருக்கிறாள். செருகியதும் கடைசி ஃபைலை முதலில் திற. உன் குரல் முடிந்த பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்காது, கெட்டுவிட்டதென்று நினைத்து நிறுத்திவிடாதே, காத்திரு. பிறகு மேளம் இல்லாமல், வெடி இல்லாமல், ஒரு கூட்டமே உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்கும். அது நம் பேட்டை இல்லை மகளே, முதலைப் பேட்டை.

மாதா உன்னைக் காப்பாற்றட்டும், நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும். வேலை முடிந்து வந்தால் போனை எடு.

உனக்காக ஒரு தெரு முழுக்க ஆடிய,
உன் அம்மா
ஒடாலிஸ்